துணை நின்ற பெண்கள்

நமது பகுதி வைத்தியசாலை ஒன்றினுள் நுழைந்து சற்றுக் கவனித்துப் பாருங்கள். மருந்து கொடுப்பவர், காயம் கட்டுபவர், இரவு முழுவதும் விழித்திருப்பவர், பிரசவ அறையில் நிற்பவர், கிராமத்தில் வீடு வீடாகச் சென்று கருவுற்ற தாய்மாரைப் பார்ப்பவர் எல்லோரும் பெரும்பாலும் பெண்களே. வைத்தியர்களிலும் இன்று பெண்கள் ஏராளம். ஆனால் எந்த விடுதிக்கு எத்தனை தாதியர், எந்தக் கருவி முதலில் வாங்கப்படவேண்டும், இரவுக் கடமை முடிந்து வீடு திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு வாகனம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி இருப்போரை எண்ணினால் கணக்கு மாறிவிடும்.

இது நம் ஊரின் கதை மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஓர் அறிக்கையின்படி, உலகெங்கும் சுகாதாரப் பணியில் இருப்போருள் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள். தலைமைப் பதவிகளிலோ நூற்றுக்கு இருபத்தைந்து பேரே பெண்கள். வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், நடத்துவோர் ஆண்களாக இருக்கிறார்கள் என்பதுதான் அவ்வறிக்கையின் தலைப்பு உணர்த்தும் பொருள்.

இதற்குக் காரணம் கேட்டால் நம்மவர் வாயில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி". ஒருத்தி மேலே வந்தால் மற்றவள் காலைப் பிடித்து இழுப்பாள். ஆகவே யாரும் மேலே வருவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுகிறோம். வசதியான பதில்தான். கேட்பவர் எதையும் மாற்றவேண்டியதில்லை. ஆனால் வைத்தியத் துறையில், குறிப்பாகக் கத்தோலிக்க வைத்தியப் பணியில், பெண்கள் முன்னணிக்கு வந்த வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பதில் பொய்யென்பது தெரியும். வந்தவர்கள் அனைவருமே பிற பெண்களின் தோள்மேல் ஏறி வந்தவர்கள்.

எடின்பரோவில் எழுவர்

1869ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் கற்பதற்கு சோபியா ஜெக்ஸ் பிளேக் என்ற பெண் விண்ணப்பித்தார். ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடுகள் செய்ய இயலாது என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த மறுப்பிலேயே அவர் வழியைக் கண்டுகொண்டார். ஒருத்திக்கு முடியாதென்றால் பலருக்கு? செய்தி வெளியே போயிற்று, வேறு பெண்கள் வந்து சேர்ந்தனர், எழுவரானார்கள். அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது.

ஆனால் அமைதி கிடைக்கவில்லை. 1870 நவம்பர் 18ஆம் திகதி உடற்கூற்றியல் பரீட்சைக்குச் சென்ற அவர்களைக் கூட்டமொன்று வழிமறித்துச் சேற்றை வாரி எறிந்தது. பரீட்சை மண்டபத்தினுள் ஓர் ஆட்டையும் யாரோ தள்ளிவிட்டார்கள். (படித்தவர்களின் ஊரிலே நடந்தது இது.) அன்று ஒருத்தி மட்டும் வந்திருந்தால் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பாள். எழுவர் வந்தபடியால் பரீட்சை எழுதினார்கள். 1873இல் நீதிமன்றம் அவர்களுக்குப் பட்டம் வழங்கவேண்டிய கடப்பாடு பல்கலைக்கழகத்துக்கு இல்லையெனத் தீர்த்தது. அவர்களுட் சிலர் வேறு நாடுகளுக்குச் சென்று பட்டம் பெற்றனர். எடின்பரோப் பல்கலைக்கழகம் அந்த எழுவருக்கும் பட்டம் வழங்கியது 2019இல். அதாவது அனைவரும் இறந்து நெடுங்காலத்தின் பின்.

இந்த எழுவருள் ஒருவராயில்லாமல், ஆனால் அவர்களுக்காக உழைத்த தோழியருள் ஒருவராக இருந்தவர் அக்னெஸ் மக்லாரன். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள், 1837இல் பிறந்தவர். தோழியருக்காக வாதாடிய இவர் பின்னர் தாமே வைத்தியம் கற்க விரும்பினார். சொந்த ஊரில் கதவு அடைபட்டிருந்தமையால் பிரான்ஸ் நாட்டின் மொன்பெலியே நகருக்குச் சென்று, 1878இல் வைத்தியரானார். அங்கு அவர் தங்கியிருந்தது பிரான்சிஸ்குக் கன்னியர் மடமொன்றில். அவர் அப்போது கத்தோலிக்கர் அல்லர். இருபது ஆண்டுகள் கழித்து, 1898இல், அறுபத்தோராம் வயதில் திருச்சபையிற் சேர்ந்தார்.

சட்டமும் சாவும்

அக்காலத்தில் வட இந்தியாவின் ராவல்பிண்டிப் பகுதியில் (இன்று அது பாகிஸ்தானில் உள்ளது) பணியாற்றிய மில்ஹில் சபைக் குருவானவர் ஒருவர் ஒரு பெரிய துயரத்தை நேரிற் கண்டார். பர்தா முறையின்படி வாழ்ந்த பெண்களை ஆண் வைத்தியர் பார்க்கலாகாது. பிரசவம் சிக்கலானால் வாசலில் வைத்தியர் நின்றாலும் உள்ளே தாய் இறந்துபோவாள். அங்கே வேண்டியிருந்தவர்கள் பெண் வைத்தியர்கள். இந்தச் செய்தி மக்லாரனை எட்டியது. எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் ராவல்பிண்டிக்குப் பயணமானார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென புனித கத்தரீனாள் வைத்தியசாலை அங்கு உருவாயிற்று.

வைத்தியசாலையை நிலைத்து நடத்தக்கூடியவர்கள் யார்? கன்னியர் என்பதே இயல்பான விடை. அங்கேதான் தடை இருந்தது. அன்றைய திருச்சபை ஒழுங்கின்படி மகப்பேற்றுப் பணி கன்னியருக்குப் பொருந்தாததாகக் கருதப்பட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், உரோமையின் தனி அனுமதியின்றித் துறவியர் வைத்தியத் தொழில் செய்யலாகாது என்றது. கற்பு வார்த்தைப்பாட்டைக் காப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் விலையைச் செலுத்தியவர்கள் சட்டம் எழுதியவர்கள் அல்லர். பிரசவ வேதனையில் கிடந்த, நம் வேதத்தையே அறியாத பெண்கள்தாம் அதைச் செலுத்தினார்கள். இவ்விடயத்தில் திருச்சபை தாமதித்தது என்று சொல்வதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. பின்னர் திருச்சபையே அந்தத் தடையை நீக்கிற்று.

மக்லாரன் உரோமைக்குப் பலமுறை சென்று மன்றாடினார். பலன் கிட்டவில்லை. ஆனால் அவர் உரோமையின் கதவை மட்டும் தட்டிக்கொண்டிருக்கவில்லை. இளம்பெண்களையும் தேடினார். இந்தியாவுக்குச் செல்ல ஆயத்தமான கத்தோலிக்கப் பெண்கள் வைத்தியம் கற்க வேண்டும் என்ற அழைப்பைப் பரப்பினார்.

முகம் பாராத இருவர்

அந்த அழைப்பு ஒஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் ஸ்டேக் என்னுங் கிராமத்துப் பெண் ஒருத்தியை அடைந்தது. அவர் பெயர் அன்னா டெங்கல், 1892இல் பிறந்தவர், சிறுவயதிலேயே தாயை இழந்தவர். மக்லாரனுக்குக் கடிதம் எழுதினார்; பதில் வந்தது. இந்தியாவில் வைத்தியம் செய்வதற்குப் பிரித்தானிய ஆட்சியில் செல்லுபடியாகும் பட்டம் தேவை, ஆகவே அயர்லாந்தின் கோர்க் நகரிற் படிப்பதே நன்று என்பது முதியவரின் ஆலோசனை.

வாசகர்கள் இந்த ஆலோசனையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். "மனந்தளராதே மகளே" என்று எழுதுவது எளிது. மக்லாரன் எழுதியது எந்தப் பட்டம் எந்த நாட்டில் செல்லும் என்பது. ஆண்பிள்ளைகளுக்கு இத்தகைய செய்திகள் தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ பழைய மாணவர் ஒருவரிடமிருந்தோ பேச்சுவாக்கிற் கிடைத்துவிடும். பெண்ணுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அந்த ஓர் ஆளாக இருந்ததே மக்லாரன் செய்த பேருதவி.

1913 ஏப்பிரல் 17ஆம் திகதி மக்லாரன் இறந்தார். இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் காணவில்லை. அன்னா கோர்க் சென்றார். முதலாம் உலகப்போர் நடந்த காலம்; ஒஸ்திரியப் பெண்ணாகிய அவர் அங்கே எதிரி நாட்டவர். என்றாலும் 1919இல் பட்டம் பெற்று, 1920இல் ராவல்பிண்டியை அடைந்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அங்கு உழைத்தார். ஒருவராக நின்று செய்து முடிக்கக்கூடிய வேலையன்று அது என்பதை அவருடைய உடலும் உள்ளமும் சோர்ந்தபோது கண்டுகொண்டார்.

அமெரிக்கா சென்ற அவர், திருச்சிலுவைச் சபைக் குருவான மைக்கேல் மத்திஸ் அடிகளாரின் உதவியுடன் ஒரு திட்டம் வகுத்தார். 1925 செப்டெம்பர் 30ஆம் திகதி வாஷிங்டனில் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினர்: வைத்தியர்கள் அன்னா டெங்கல், ஜோஆன்னா லயன்ஸ், தாதியர் எவ்லின் பிளீகர், மரி உல்பிரிக். இவர்களே மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையின் முதல்வர்கள். சட்டம் தடுத்தபடியால் பகிரங்க வார்த்தைப்பாடு எடுக்காமல் பக்தி சபையாகவே பதினோர் ஆண்டுகள் காத்திருந்தனர். கன்னியராக வாழ்ந்தார்கள், கன்னியர் என்ற பெயர் இல்லை. பிரசவங்கள் நடந்துகொண்டிருந்தன.

1936 பெப்ரவரி 11ஆம் திகதி, லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமையின் விசுவாசப் பரப்புதற் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல் தடையை நீக்கியது. மறைபரப்பு நாடுகளிற் கன்னியர் வைத்தியமும் மகப்பேற்றுப் பணியும் கற்றுச் செய்வதை அனுமதித்ததோடு, ஊக்கமும் அளித்தது. அன்னை டெங்கல் 1980 ஏப்பிரல் 17ஆம் திகதி உரோமையில் இறந்தார். மக்லாரன் இறந்த அதே ஏப்பிரல் 17.

குண்டூரில் ஒரு கூட்டம்

மக்லாரனின் கதை இன்னொரு கரையிலும் ஒதுங்கியது. 1915 ஒக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், மேரி குளோரி என்னும் இளம் வைத்தியர் மக்லாரனைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றைப் படித்தார். இந்தியக் குழந்தைகளின் மரணம் பற்றியும் அதில் இருந்தது. அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நகரின் நடுவில் நல்ல வருமானமுள்ள தொழில். தம் வாழ்வின் பணி எது என்பது அன்றே அவருக்குத் தெளிவாயிற்று.

ஆனால் அவர் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. 1916இல் மெல்பேர்ணில் கத்தோலிக்கப் பெண்களின் சமூகக் கழகம் தோன்றியபோது அதன் முதற் தலைவியாக அவரைத் தெரிந்தனர். தொழிலாளர் பெண்களின் நிலை, குடும்ப நலம், கத்தோலிக்க சமூகப் போதனை ஆகியவற்றைப் பெண்கள் கூடிப் படித்த இடம் அது. கூட்டம் நடத்தவும், கணக்குப் பார்க்கவும், மாறுபட்ட கருத்துடையவரோடு சேர்ந்து உழைக்கவும் அவர் அங்கே பழகினார். தலைமை என்பது பிறவிக்குணம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க. நான்கு ஆண்டு அவர் அதைப் பயின்றார்.

1920இல் ஆந்திர நாட்டின் குண்டூருக்கு வந்து, யேசு மரி சூசை சபையிற் சேர்ந்து, திரு இருதயத்தின் மரியாள் என்ற பெயரை ஏற்றார். கன்னியாயிருந்தும் வைத்தியம் செய்யப் பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். சிறிய மருந்தகம் ஒன்று காலப்போக்கில் புனித சூசையப்பர் வைத்தியசாலையாயிற்று. உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவமாதராகவும் மருந்து கலப்போராகவும் பயிற்றினார். அந்தப் பெண்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பியபோது அறிவும் அவர்களோடு சென்றது.

எனினும் அவருடைய மிகப் பெரிய செயல் வைத்தியசாலை அன்று என்பதே என் எண்ணம். இந்தியாவெங்கும் கன்னியர் மடங்கள் மருந்தகங்களை நடத்திவந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தீவு. ஒரு சபையின் கன்னியருக்கு மறுசபையின் கன்னியரைத் தெரியாது. (சபைப் பெருமை என்பது மேற்றிராசனங்களில் இன்றும் அழியாத நோய், அதைப் பற்றி வேறொரு நாள் எழுதவேண்டும்.) 1943 யூலை மாதத்தில் குண்டூரில் அவர் கூட்டிய கூட்டத்துக்குப் பதினாறு கன்னியர் வந்தனர். அங்கே பிறந்ததுதான் இந்தியக் கத்தோலிக்க வைத்தியசாலைகள் சங்கம். பெரியவர் ஒருவர் மேலேயிருந்து அமைத்த சங்கமன்று அது. வேலையில் நின்ற பெண்கள் தாமே கூடி உண்டாக்கியது. இன்று அதன் உறுப்பு நிறுவனங்கள் 3,500க்கு மேல். கத்தோலிக்க வைத்தியக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதும் அவரது கனவு. 1957இல் புற்றுநோயால் பெங்களூரில் அவர் இறந்தார். 1963இல் அதே நகரில் புனித அருளப்பர் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 2013இல் அவர் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். பிற்காலத்தில் இந்தியாவின் கன்னி வைத்தியர்கள் தமக்கென்றே ஓர் அமைப்பையும் உண்டாக்கியுள்ளனர். பல நூறு பேர் அதில் இருக்கின்றனர்.

நமது தீவில்

நமக்கு இணுவில் ஆஸ்பத்திரி தெரியும். பெண்களுக்கென அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1898இல் திறந்த மக்லியொட் வைத்தியசாலை அது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பணி செய்யவென அக்காலத்தில் நியமனம் பெற்றவர் மேரி என்ற கனேடியப் பெண் வைத்தியர். ஆனால் 1896இல் அவர் இரத்தினம் என்னும் தமிழ்க் கிறிஸ்தவரை மணந்தபோது மிஷன் அவரை ஏற்க மறுத்துவிட்டது. படிப்புப் போதும், கணவரின் நிறம்தான் போதவில்லை! அவர் கொழும்பிலே தங்கி, பெண்களுக்கு வைத்தியம் செய்தார். டொக்டர் மேரி இரத்தினம் என்ற பெயர் அப்படியே நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது.

அவரும் சங்கங்களையே நம்பினார். பெண்களின் வாக்குரிமைக்காக 1927இல் எழுந்த சங்கத்தில் முன்னின்றார். 1930களின் தொடக்கத்தில், தம் பிறந்த நாட்டுக் கிராமப் பெண்களின் மன்றங்களை மாதிரியாகக் கொண்டு லங்கா மகிளா சமித்தியை அமைத்தார். கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி, சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் கைத்தொழிலும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் தாய்மாருக்குச் செய்தவர்.

1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அந்தத் தொகை நாற்பதுக்குக் கீழே வந்தது. இலவச வைத்தியமும், மலேரியா ஒழிப்பும், பெண்கல்வியும் இதற்குக் காரணங்கள். இன்னொரு காரணம், கைப்பையும் குடையுமாக ஒழுங்கைகளில் நடந்த மருத்துவமாதர். எந்த மேடையிலும் அவர்களுக்கு மாலை விழுந்ததில்லை.

இனி நம் வீடுகள்

வேதாகமத்தில் தலைமைக்கு மகப்பேற்றுப் பெண்கள் தரும் பாடம் ஒன்று உண்டு. விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் பார்வோனின் கட்டளையை மீறி எபிரேயக் குழந்தைகளைக் காத்த மருத்துவப் பெண்கள் சிப்ராவும் பூவாவும் இருவராக இருந்தார்கள். பார்வோன் முன்னிலையில் இருவராகவே பதிலுஞ் சொன்னார்கள். கருவுற்ற மரியாள் யூதேய மலைநாட்டுக்கு விரைந்தது கருவுற்றிருந்த எலிசபெத்திடம். அவள் நிலையை வேறு யார் அப்படிப் புரிந்துகொண்டிருப்பார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டின் 29ஆம் பிரிவில், ஆண் பெண் என்ற காரணத்தால் செய்யப்படும் பாகுபாடு இறைவனின் திட்டத்துக்கு மாறானது எனக் கற்பிக்கிறது. 2025 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், துறவற வாழ்வுக்கான உரோமைப் பேராயத்தின் தலைமையை முதன்முறையாக அருட்சகோதரி ஒருவரிடம் ஒப்படைத்தார். உரோமையில் நடந்தது நமது பங்குச் சபையிலும், பங்கின் வைத்திய உதவிக் குழுவிலும் நடக்க எத்தனை ஆண்டு செல்லும்?

தாதியாய், வைத்தியராய், மருத்துவமாதாய் உள்ள நம் பெண்பிள்ளைகள் பலரோடு பேசும் வாய்ப்புக் குருவானவர் எவருக்கும் கிட்டும். அவர்கள் சொல்லும் குறைகளிற் பல சிறியவைபோலத் தோன்றும். மேற்படிப்புக்கான விண்ணப்ப முடிவுத் திகதி ஆண் நண்பர்கள் வட்டத்திற் பேசப்பட்டுவிடும். இவர்களை எட்டும்போது பிந்திவிடும். தாதிப் பொறுப்பாளர் பதவி உயர்வு வரும். தூர மாவட்டத்துக்குப் போகவேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கணவர் கேட்பார். அதே உயர்வு கணவருக்கு வந்தால் அந்தக் கேள்வி எழுவதேயில்லை. நோயாளியின் உறவினரோ மேலதிகாரியோ தகாத வார்த்தை பேசினால், முறையிடுவது எப்படி, யாரிடம், எழுத்திலா வாய்மொழியிலா என்று தெரியாமல் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். இவற்றுக்கெல்லாம் விடை அதே நிலையைத் தாண்டிவந்த மூத்த பெண் ஒருத்தியிடம் இருக்கும். அவள் அடுத்த பங்கிலேயே இருப்பாள். இருவருக்கும் அறிமுகமில்லை.

துணை வட்டம் ஒன்றால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்லவில்லை. சம்பளமும் சட்டமும் நியமனமும் அதிகாரத்தில் இருப்போர் கையில். கூடிப் பேசுவதோடு நின்றுவிடும் வட்டம் ஆறுதல் தரும், கதவைத் திறக்காது. எடின்பரோ எழுவரும் கூடிப் பேசியதோடு நிற்கவில்லை. ஆண்களின் பங்கும் இதிலுண்டு. ராவல்பிண்டியின் துயரை முதலில் உலகுக்குச் சொன்னவர் ஒரு குரு. வாஷிங்டனில் துணைநின்றவரும் ஒரு குரு.

பெப்ரவரி 11ஆம் திகதியை 1993ஆம் ஆண்டுமுதல் திருச்சபை உலக நோயாளர் தினமாக அனுசரிக்கிறது. பங்குகளில் அன்று நோயாளருக்குத் திருப்பலியும் பூசுதலும் நடைபெறுகின்றன. கன்னியருக்குப் பிரசவ அறையின் கதவு திறந்ததும் அதே திகதியில்தான் என்பதால், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தை இரண்டு மணிநேரம் சுகாதாரப் பணியில் உள்ள பெண்களுக்கு விட்டுவிடுங்கள். வைத்தியரும், தாதியரும், மருத்துவமாதரும், விடுதி துப்புரவு செய்யும் பெண்களும், ஓய்வுபெற்ற மூத்தோரும், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும் ஒரே வட்டமாக அமரட்டும். சொற்பொழிவு வேண்டாம், பங்குக் குருவானவர் வரவேற்றுவிட்டு வெளியே போகலாம். தொலைபேசி இலக்கங்களை எழுத ஒரு கொப்பி மேசையில் இருக்கட்டும். சிறுபிள்ளைகளை வெளியே விளையாட வைப்பதும் தேநீர் ஊற்றுவதும் வின்சன்ட் தி போல் சபை ஆடவர்களின் பொறுப்பு. கோப்பை கழுவுவதும் அவர்களே.